பூக்கடை வாசலில் இரண்டு சிப்பாய்கள்

என் மாமனாரின் சாவுக்கு வர வேண்டிய இரண்டு பெரியவர்களை நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு அனுப்பி வைத்தேன். உடல் முப்பது கிலோமீட்டர் தள்ளி, கிள்ளானில் இருந்தது.

நான் ஷா ஆலமில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். லோரிகளைச் சரியான விலாசத்துக்கு அனுப்பத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தக் கம்பெனி இன்னும் மூடப்படாமல் இருப்பது முருகன் அருள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமா பட்டாளத்துக்காரர். இளவயதில் சேர்ந்து சார்ஜண்டாக, எங்கள் வாயில் சார்ஜனாக, வெளியே வந்தவர். கல்யாணமான புதிதில் எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. மாமனார் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்தவர் என்று காப்பிக்கடையில் அளந்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் சரக்கு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் அவரிடமே போய்க் கேட்டேன். அவர் குந்தி உட்கார்ந்து, என் கொழுந்தியாளின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

"நான் லோரி ஓட்டினேன் மாப்ள. ஆளுங்கள கொண்டு போயி விடுவேன். அப்புறம் போயி கூட்டிக்கிட்டு வருவேன். அவ்ளோதான்."

சண்டையே இல்லையா என்றேன். சகதியில் மாட்டிய டயரோடு நிறைய சண்டை போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த சப்பாத்தை எடுத்தார். அதற்குப் பிறகும் நான் காப்பிக்கடையில் துப்பாக்கிக் கதையைத்தான் சொன்னேன். டயர் கதைக்கு யார் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள்?

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு என்னுடைய இப்போதைய வயதுகூட ஆகவில்லை. பென்ஷனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டப் போனார். அத்தை, அதாவது என் மாமியார், அங்கே கையுறை செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மாமாவின் பஸ்ஸில்தான் அத்தையும் போவார். ஆனால் பெண்டாட்டி என்பதற்காக பஸ் வீட்டு வாசலில் நிற்காது. அத்தையும் மற்ற பெண்களைப்போல முச்சந்திக்கு நடந்து போய்த்தான் ஏற வேண்டும். அத்தை அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் உண்டு. யாருக்காவது நேரமாகிவிட்டால் பஸ் அவளை விட்டுவிட்டுப் போகாது. விளக்கைப் போட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். தாமதமாகப் போனதற்காக தொழிற்சாலையில் மாமாவைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாராம். மறுநாளும் நிற்பாராம்.

அத்தைக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் மூன்று பெண் பிள்ளைகளும் மாமாவின் பொறுப்பு. யூனிஃபார்மை அவர் தேய்த்தால் அதன் மடிப்பில் கையை வெட்டிக்கொள்ளலாம். பின்னலும் அவர்தான் போடுவார். என் மனைவி மூத்தவள். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னை சீனப் பொண்ணான்னு கேப்பாங்க. அப்பா அந்த இழு இழுப்பாரு, கண்ணு மேல போயிரும்" என்பாள். ஆனால் சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி கலையாது. கண்ணும் அநேகமாக அப்போதுதான் கீழே இறங்கும்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது என் சட்டையைக் காணவில்லை. மாமா அதையும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஏற்கெனவே தேய்த்து வைத்த சட்டை அது. எங்கள் உறவு அப்படித்தான் தொடங்கியது.

நடுவில் ஒரு தடவை எனக்கு வேலை போனது. இப்போது இருக்கும் கம்பெனிக்கு முந்தின கம்பெனி. (அதை மூடியதற்கு நான் காரணமில்லை. மேலே சொன்னதை வைத்து நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது.) வீட்டில் ஜோக் அடித்துக்கொண்டு ஜாலியாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். கடனுக்கு வாங்கிய காரை பேங்க் எடுத்துக்கொண்டது. ஒருநாள் காலை மாமா தன் பழைய காரில் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கேட்டு வாங்கித் தேய்த்துக் கொடுத்துவிட்டு, "எங்க போகணும்?" என்றார். அன்றிலிருந்து எந்த நேர்முகத் தேர்வுக்கும் அவர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். கீழே காருக்குள் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார். நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும், என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார். "சாப்டியா மாப்ள?" அதோடு சரி. எனக்கு வேலை கிடைத்த அன்றைக்கும் அதையேதான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். வாழை இலை சாப்பாட்டுக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். நாங்கள் அப்போது கடைக்குள் போயிருக்கவே இல்லை.

பட்டாளத்தில் மாமாவுக்கு மூன்று கூட்டாளிகள். ஒருவர் ரவாங் தமிழர். ஒருவர் மலாய்க்காரர், காஜாங்கில் இருப்பவர். மெக்காவுக்குப் போய் வந்தபின் எல்லோருக்கும் அவர் ஹாஜிதான். இன்னொருவர் சாலாக் செலாத்தான் சீனர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார், முடிவில் மட்டும் சில சமயம் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். நால்வரும் மாதம் ஒரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுவார்கள். வீடுகளுக்குப் போகும் பழக்கம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ரவாங்காரர் இறந்துபோனார். மற்ற மூவரும் மாமாவின் காரில் போனார்கள். வழியில் ஜாம். போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டார்கள். நம் வழக்கப்படி, வண்டி தெருமுனை திரும்பியதுமே பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். காமாட்சி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மூவரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் நின்றுவிட்டு வந்தார்கள். மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம்.

"தண்ணிகூட காயல. அவன் இல்ல" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் மூவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். இனி யார் போனாலும், மற்றவர்கள் வந்து நின்று ஒரு சல்யூட் அடித்த பிறகுதான் வீட்டை விட்டு எடுக்க வேண்டும். மாமா அதை அத்தையிடம் சொல்லி, கையில் அடித்து வாக்கும் வாங்கிக்கொண்டார். வேறு எதையும் அவர் கேட்டதில்லை என்பார் அத்தை. தலைவலி மாத்திரையைக்கூட அவராகத்தான் எழுந்து போய் எடுத்துக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மாமா போய்விட்டார். கொஞ்ச நாளாகவே இருதயம் சரியில்லை. அதற்காகவே கடைசிப் பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்தில் கிள்ளானில் வேறு வீடு பார்த்து மாறியிருந்தார்கள். அந்த வீட்டை மாமாவின் கூட்டாளிகள் பார்த்ததில்லை. வீடு கூட்டமாகிக்கொண்டிருந்தபோது அத்தை என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அழுகை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

"மாப்ள, மத்த வேலையெல்லாம் மத்தவங்க பாத்துக்குவாங்க. அவரோட ஆளுங்க ரெண்டு பேருக்கும் நீங்க சொல்லிருங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு."

அது ஒன்றுதான் எனக்கு.

மறுநாள் காலை மாலை வாங்கவும், மாற்றுத் துணி எடுக்கவும் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தேன். முந்தின இரவே இருவரிடமும் போனில் துக்கம் சொல்லிவிட்டேன். விலாசம் மட்டும்தான் பாக்கி. எங்கள் தெருப் பூக்கடையில் கடைக்கார அக்கா மாலை கட்டிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பை எடுத்தேன். நல்ல மலாயில், மரியாதையாக, நீளமாக எழுதினேன். ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள், மூன்று மணிக்கு முன் எடுத்துவிடுவோம், வீடு இங்கேதான் இருக்கிறது. எழுதிவிட்டு, லொக்கேஷனை அனுப்பினேன். நான் நின்றுகொண்டிருந்த இடத்தின் லொக்கேஷனை.

அந்த நேரத்தில் எனக்கு மனத்துக்குள் ஒரு நிறைவு வேறு. அத்தை கொடுத்த வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டோம் என்று.

அவர்கள் சந்தேகப்படவும் வழியில்லை. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். மருமகன் வீட்டில் வைத்திருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்கள். ஹாஜி காஜாங்கிலிருந்து காரை எடுத்து, சாலாக் செலாத்தானில் சீன அங்கிளை ஏற்றிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே பூக்கடையில் போய் இறங்கிவிட்டார்கள். பட்டாளத்துக்காரர்கள்.

மாமாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைப்பது நான்தான். ஒரு மணிக்குச் சடங்கு தொடங்கியது. தலையில் தண்ணீரை ஊற்றி, ஈர வேட்டியோடு, வெற்று உடம்போடு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். என் தொந்தியைப் பற்றி இவ்வளவு காலம் வதந்தியாக மட்டும் கேள்விப்பட்டிருந்த சொந்தங்கள் அன்று நேரில் பார்த்துக்கொண்டார்கள். என் சட்டையும் அதன் பாக்கெட்டில் இருந்த போனும் மாடி அறையில் கிடந்தன.

அத்தை மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டாங்களா?" என்று கேட்டார். வழியில் இருப்பார்கள், ஜாம் இருக்கும் என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஜாம் என்றேன். அப்போது என் மனைவி படி இறங்கி வந்தாள். கையில் என் போன். ஸ்பீக்கரில் பூக்கடை அக்கா.

"தம்பி, ரெண்டு அங்கிள் கோட்டு போட்டுக்கிட்டு, மெடலெல்லாம் குத்திக்கிட்டு என் கடை வாசல்ல நிக்கிறாங்க. ஸ்டூல் போட்டா உக்கார மாட்டேங்கிறாங்க. உடம்பு எங்கன்னு கேக்கிறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?"

வீடே கேட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவிகூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்கும்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஹாஜி அனுப்பிய செய்தியை மனைவி காட்டினாள். வந்துவிட்டோம், வீடு பூக்கடைக்கு மேலே எந்த மாடி என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி அத்தையின் முன்னால் போய் நின்று, தப்பாக அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். அத்தை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ரவாங்கில் இவர்கள் நின்ற அந்த ஈரத் தரைதான் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க வரணும்" என்றார். அவ்வளவுதான்.

என் மனைவி போனில் சொல்லச் சொல்ல, அக்கா அவர்களுக்குக் கிள்ளான் விலாசத்தை எழுதிக் கொடுத்துக் காரில் ஏற்றிவிட்டாள். ஃபெடரல் ஹைவேயில் மழை. மணி ஓடிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம். அதற்குள் நிலைப்படியைத் தாண்டியாக வேண்டும் என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம். மாமாவின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுபவர், அவருக்கு ஒத்து ஊதினார். அவர்கள் நேராக மின்சுடலைக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டுமே என்றார். பாடி வேன்காரரும் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

அத்தை அசையவில்லை. "வீட்டை விட்டு எடுக்கறதுக்கு முன்னாடின்னு சொல்லியிருக்காரு. நான் சரின்னு சொல்லியிருக்கேன்."

தொழிற்சாலைப் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் பஸ்ஸில் போனவர்கள். சிலர் ஷிஃப்ட் முடிந்து அப்படியே யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி பெரிய மாமாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, எனக்காக இவரு பஸ்ஸ நிறுத்தி வெச்சு எத்தனையோ நாளு ஏச்சு வாங்கியிருக்காரு. கொஞ்ச நேரம் நாங்க நிக்க மாட்டோமா?"

வழி கண்டுபிடித்தவர் பண்டாரம்தான். அவர் கொஞ்ச நேரம் வீட்டையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று மணிக்கு முன்னால் உடலை ஹாலிலிருந்து எடுத்து, கார் நிறுத்தும் போர்ச்சில் வைத்துவிடலாம். நிலைப்படி தாண்டியாகிவிட்டது, சாஸ்திரத்துக்கு அது போதும். ஆனால் கேட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார், ஆகவே வீட்டை விட்டு எடுக்கவில்லை, அம்மாவுக்கும் அது போதும். இவ்வளவு நியாயமான தீர்ப்பை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. பாடி வேன்காரர் மின்சுடலைக்குப் போன் போட்டு நேரத்தைத் தள்ளி வாங்கினார்.

எனவே மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாமா போர்ச்சுக்கு வந்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அங்கேதான் நின்றுகொண்டு, நான் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு கையாலும் பட்டாள சைகை காட்டுவார். நான் அப்படியும் லொங்காங் சாக்கடையில் டயரை இறக்குவேன். கூரைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் போகவில்லை. தொழிற்சாலைப் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு கேட்டோரம் நின்றார்கள். பெரிய மாமா உள்ளே போய் அத்தைக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். கொள்ளி வைக்கிறவன் என்பதால் யாரும் எனக்குச் சட்டை தரவில்லை. தகுதியான தண்டனைதான்.

மழை விடும் நேரத்தில் ஹாஜியின் கார் தெருவுக்குள் நுழைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கேட்டுக்கு ஓடி, "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக் கூடாது. பெரிய மாமா பின்னாலிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அது வேறு அவிழப் பார்த்தது.

இருவரும் இறங்கினார்கள். கறுப்புக் கோட்டு, தொப்பி, மெடல். சீன அங்கிளின் கையில் ஒரு சாமந்தி மாலை. காசு வேண்டாம் என்று சொல்லி அக்கா கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மாமாவின் கால்மாட்டுக்குப் போய், தோளோடு தோள் நின்றார்கள். அங்கிள் மாலையை வைத்துவிட்டுப் பின்னால் வந்து மறுபடியும் வரிசையில் நின்றார். ஹாஜி தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாக மலாயில் ஓர் உத்தரவு கொடுத்தார். இரண்டு கைகளும் நெற்றிக்குப் போயின. சீக்கிரத்தில் இறங்கவில்லை.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. என் மனைவியும் தங்கைகளும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தொழிற்சாலைப் பெண்கள், பாடி வேன்காரர், பண்டாரம் எல்லோரும் யாரும் சொல்லாமலே நேராக நின்றோம். நான் என் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். என்னால் முடிந்த மரியாதை அது.

கையை இறக்கிய பிறகு சீன அங்கிள் மாமாவின் முகத்தருகே குனிந்தார்.

"சார்ஜன், லேட்டாயிருச்சு. மன்னிச்சுக்க. உன் மருமவன் எங்கள பூக்கடைக்கு அனுப்பிட்டான்."

அத்தை அழுகையோடு சிரித்துவிட்டார். அதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். பெரிய மாமாவும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அத்தை சொன்னதால், அவர்கள் இரண்டு பேரையும் பாடி வேனில் மாமாவுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

அந்த நாளை நினைக்கும்போது இப்போது எனக்கு வெட்கத்தைவிட நன்றிதான் அதிகமாக வருகிறது. பூக்கடை அக்காவுக்கு. பண்டாரத்துக்கு. மழையில் நின்ற அந்தப் பெண்களுக்கு. நெருப்பு வெயிலில் பூக்கடை வாசலில் உட்காராமல் நின்ற இரண்டு பேருக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படிப்பட்ட மனிதர்களைச் சம்பாதித்து வைத்துவிட்டு, அவர்கள் நடுவில் இப்படிப்பட்ட ஒரு மருமகனையும் பொறுத்துக்கொண்ட அந்த லோரி டிரைவருக்கு. காப்பிக்கடையில் இப்போது நான் டயர் கதையைத்தான் சொல்கிறேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறார்கள்.

கருமாதிக்கு இருவரும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை விலாசத்தை என் மனைவி அனுப்பினாள். இலையில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து, கிளம்பும்போது அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஹாஜியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இனி இருவர் மட்டும்தான் என்றும், ஒருத்தன் போனால் மற்றவன் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்றும், இருவரும் பேசி முடிவு பண்ணிவிட்டதாகவும் சொன்னார். சார்ஜன் இடத்தில் இனி நான் நிற்க வேண்டுமாம். எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததில்லை. என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் அங்கிள், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அங்கிள் ஹாஜியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வந்து நில்லு. வேற ஒண்ணும் செய்யாத லா."